வெயில் இல்லாத நாளின் நிழல்

அறிவியல் வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கடைசிப் பக்கம்'. எந்தக் கணக்கானாலும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துக்கொண்டுதான் மனிதர் சாக்பீஸையே தொடுவார். ஊசல் குண்டை ஆட்டாமலே அது ஆடிய நேரத்தை எழுத வைப்பார். இருபத்திரண்டு வருஷமாக அவர் வகுப்பில் ஒரு சோதனைகூடத் தப்பாகப் போனதில்லை. செய்தால்தானே தப்பாகப் போவதற்கு.

இந்த முறை தலைமை ஆசிரியர் நாற்காலி காலியாகியிருந்தது. வகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று கல்வி அதிகாரி அம்மா சொல்லிவிட்டார். வாத்தியார் சும்மா இருப்பாரா? ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் நிழலை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டாரே, அதைப் பிள்ளைகளைக் கொண்டு செய்துகாட்டுவதாக மார்தட்டினார். நேர் வடக்கே எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளியில் அவருடைய நண்பர் வேலை பார்த்தார். நடுப்பகலில் இங்கே ஒரு குச்சி, அங்கே ஒரு குச்சி. இரண்டு நிழல்களின் கோணத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் பெருக்கல் வகுத்தல்தான்.

முதல் நாளே கரும்பலகையில் 'வித்தியாசம் 7.2 பாகை' என்று எழுதி, எல்லோரையும் நோட்டில் ஏற்றச் சொன்னார். அப்போதுதான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் நாற்பதாயிரம் கிலோமீட்டர் பிசகாமல் வரும்.

மறுநாள் விடிந்ததிலிருந்தே மேகம். மைதானத்தில் குச்சி மொட்டையாக நின்றது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா? பிற்பகலில் அதிகாரி அம்மா வந்ததும் நோட்டுக் கட்டை நீட்டிவிட்டு, முதுகை வளைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் 7.2. கடைசி நோட்டு வாத்தியாரின் மகளுடையது; அவளும் அதே வகுப்புதான். அவள் மட்டும் அந்த வரியை அடித்துவிட்டு, 'மேகம். நிழல் விழவில்லை. அளக்கவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"சார், காலைலேர்ந்து வெயிலே இல்லையே. மத்தவங்க எத அளந்தாங்க?"

"லேசா ஒரு நிழல் தெரிஞ்சுது, மேடம்."

அதிகாரி அம்மா, வாத்தியார் மகளின் நோட்டில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வாத்தியார் வராந்தாவில் மகளை மடக்கினார். "அப்பன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே, இப்ப சந்தோஷமா?"

"இல்லாத நிழல எப்படிப்பா அளக்கறது?"

அடுத்த வாரம் நாற்காலியில் கணக்கு டீச்சர் உட்கார்ந்தார். அன்றைக்கு நல்ல வெயில். மகளும் மூன்று தோழிகளும் தாங்களாகவே குச்சி நட்டு, நிழலை அளந்து, வடக்கே இருந்த பள்ளிக்குப் போன் போட்டு அங்கே அளந்த கோணத்தையும் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டார்கள். நாற்பத்து மூவாயிரம் வந்தது. ஒரு குச்சியை வைத்துப் பூமியையே அளந்துவிட்ட குதூகலத்தில் அவள் ஓடிவந்து நோட்டை அப்பாவிடம் நீட்டினாள்.

வாத்தியார் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அவள் கணக்கின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"தப்பு" என்றார்.