குழந்தையின் கிண்ணத்தில் கிடைத்தது

பழைய பானைகளில் ஒட்டியிருக்கும் உணவின் மிச்சத்தைச் சோதிப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலையாக இருந்தது. சமைக்கும்போது மண்பானையின் சுவர் கொழுப்பைக் குடித்துக்கொள்ளும். அந்தச் சுவரைச் சுரண்டிப் பொடித்து, கரைப்பானில் ஊற வைத்து, மெஷினில் ஓட்டினால் பாலா, இறைச்சியா என்று ஓரளவு சொல்லலாம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு கிண்ணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஆண்டிமடம் பக்கம் ஒரு முந்திரிக் காட்டில் அகழாய்வு நடந்தது; மாதிரி எடுக்க நானும் போயிருந்தேன். ஒரு பழங்கால ஈமத்தாழிக்குள் சிறு குழந்தையின் எலும்புகள் இருந்தன. பக்கத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புக் கிண்ணம். நான் கிளவுஸ் மாட்டுவதற்குள் குழியின் ஓரம் சரிந்தது. உள்ளே மண் வெட்டிக்கொண்டிருந்த தனலட்சுமி வெறுங்கையால் கிண்ணத்தை அள்ளி எடுத்தார். அவர் எடுத்திருக்காவிட்டால் அது நொறுங்கியிருக்கும்.

உடனே என்னிடம் தரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

“மேடம், இதுல அந்தப் புள்ளைக்கு என்ன வச்சிருப்பாங்க?”

“லேபுல பாத்தாதாம்மா தெரியும்.”

“பாத்துட்டு எனக்கும் சொல்லுங்க. போன ஐப்பசியில எம்மவ காய்ச்சல்ல போயிட்டா. கடைசியில ஒரு வாய் பாலு கூட எறங்கலீங்க.”

குழியில் இருந்த மற்றப் பெண்கள் கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டார்கள். சொல்கிறேன் என்றேன்.

லேபில் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. கிண்ணத்தின் மேற்பரப்பில் ஸ்குவாலீன் மட்டும் இருந்தது. அது மனிதத் தோலின் எண்ணெயில் இருப்பது; மண்ணுக்குள் இத்தனை காலம் தங்காது. எடுத்த கையிலிருந்து ஒட்டியது. சுவரின் உட்பகுதியைப் பொடித்துப் பார்த்தேன். அதில் அதுவும் கிடைக்கவில்லை.

அகழாய்வு இயக்குநருக்குக் கோபம். “பால்னு ஒரு வரி வந்திருந்தா எல்லாப் பேப்பர்லயும் வந்திருக்கும் மேடம். அந்தப் பொம்பள கைய வச்சுக் கெடுத்துடுச்சு. நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிட்டேன்.”

“கை எண்ணெய் மேல ஒட்டும் சார், பழைய கொழுப்ப அழிக்காது. உள்பக்கமும் காலிதான். மண்ணுக்குள்ளயே எப்பவோ போயிருக்கும்.”

“அத ரிப்போர்ட்ல எழுதுங்க. வேற ஆளு போட்டாச்சு.”

எழுதினேன். அவர் அதைப் படித்துக் கையெழுத்தும் போட்டார். தனலட்சுமியைத் திரும்பக் கூப்பிடவில்லை. நான் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தேன், பேச்சை மாற்றிவிட்டார்.

பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன். ஒரு கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது.

“நான் தொட்டதாலதான் கெட்டுப்போச்சாங்க?”

“இல்லம்மா. நீங்க எடுத்ததாலதான் கிண்ணமே முழுசா கிடைச்சுது.”

“அப்ப அதுல என்னதான் இருந்துச்சு?”

பால் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அந்த ஒரு சொல்லோடு அவர் அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அடுத்த மாதம் ரிப்போர்ட்டைப் படித்த யாராவது அவரிடம் வேறு மாதிரி சொன்னால்?

“ஒண்ணும் கிடைக்கலம்மா.”

“ஒண்ணுமே வைக்காமலா பொதைச்சாங்க?”

“அப்படிச் சொல்ல முடியாது. வச்சிருக்கலாம். நமக்குக் கிடைக்கல, அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

கையிலிருந்த கொட்டையை உடைத்துப் பருப்பைத் தட்டில் போட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்க. ஆனா எனக்கு அது பத்தலீங்க மேடம்.”

விடைபெற்றுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

ரிப்போர்ட் எழுதும்போது “இல்லை” என்று எழுதாதீர்கள், “கிடைக்கவில்லை” என்று எழுதுங்கள். அதற்கு மேல் நம் மெஷினுக்குத் தெரியாது. கேட்டவர் நேரில் இருந்தால் அதையே முகம் பார்த்துச் சொல்லுங்கள். அவருக்கு அது போதாமல்தான் இருக்கும்.