பொரி தின்ற அம்பாசிடர்

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு காரின் பானெட்டைத் திறந்தோம். உள்ளே பொரி இருந்தது.

ஆமாம், பொரிதான். கூடவே பொட்டுக்கடலை, காய்ந்த சாமந்தி, எலிகள் குடும்பம் நடத்தியதற்கான சகல அடையாளங்களும். இவற்றுக்கு அடியில் எங்கோ ஒரு இன்ஜினும் இருந்தது.

கார் என் மாமனாருடையது. வெள்ளை அம்பாசிடர். அவர் போன பிறகு, கோலியனூர் பக்கம் அவர் வீட்டுக் கொட்டகையில் ஒன்பது வருஷமாக நிற்கிறது. விற்க யாருக்கும் மனசு வரவில்லை. ஓட்டவும் தைரியம் வரவில்லை. அப்பா உட்கார்ந்த சீட்டில் எப்படி உட்காருவது? அதனால் குடும்பமே கூடி நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தோம் – வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதைக் கும்பிட்டோம்.

சும்மா இல்லை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, மாலை போட்டு, பானெட் மேல் பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டி... ஒரே ஒரு வேலையைத்தான் செய்யவில்லை. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை.

பூசணிக்காய் உடைக்கும் பொறுப்பு மருமகனுக்கு. அதாவது, எனக்கு. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உடைத்தேன்.

இந்த வருஷம் மச்சான் சேகர் அந்தக் கொட்டகையை இடித்துவிட்டு வீடு கட்டப் போகிறான். "கார காயலான் கடைக்குச் சொல்லிட்டேன் மாமா. வந்து எடுத்துக்கினு போயிடுவான்," என்றான்.

அவனுடைய அக்கா, என் மனைவி மலர், எழுந்து கொட்டகைக்குப் போய்க் காரின் கதவைத் தடவிக்கொண்டு நின்றாள். மலர் பாதிப் பேச்சில் எழுந்து போகிறாள் என்றால் விஷயம் பெரிசு.

அந்தக் காரில்தான் அவளுக்கு அப்பா டிரைவிங் சொல்லிக் கொடுத்தார். பனமலை போகிற ரோட்டில் யாரோ காயப்போட்டிருந்த மல்லாட்டை மேல், அதாவது வேர்க்கடலை மேல், முதல் நாளே ஏற்றிவிட்டாளாம். மாமனார் இறங்கிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, அவங்களுக்கு உரிக்கிற வேலை மிச்சம்," என்றாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் வேறு மாதிரி ஆகிவிடும்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "ரிப்பேர் பண்ணித் திண்டிவனத்துக்கு எங்க வீட்டுக்கே கொண்டு போறேன்!" – யார் சொல்வது? சைக்கிளுக்குக் காற்றடித்தாலே மூச்சு வாங்குகிற நான்.

சேகர் சிரித்தான். "பூமி பூஜைக்குள்ள அது ஓடிப்போயி உங்க வூட்டு வாசல்ல நின்னா, காரு அக்காவோடது. நடுவுல வேற வண்டி கட்டி இழுத்தீங்கன்னா நேரா காயலான் கடைதான். சரியா?"

இப்படித்தான் மெக்கானிக் ஏழுமலை வந்தார், பொரி வெளிப்பட்டது. பெட்ரோல் டேங்க் மூடியில் சாவி நுழையவில்லை. துவாரத்தில் ஒன்பது வருஷச் சந்தனம் சிமெண்ட்டாகி இருந்தது.

"சார், இதுக்கு மெக்கானிக் வேணாம். குருக்களைக் கூப்டுங்க."

"ஒயரெல்லாம் எங்கே ஏழுமலை?"

"பொரி தீந்துபூட்டா எலிங்க இன்னா சார் பண்ணும்? மீதி நாளுக்கு ஒயருதான்."

ஏழுமலையும் லேசுப்பட்டவர் இல்லை. புது ஒயரிங் முடித்ததும் ஹாரன் அடித்தோம் – வைப்பர் ஓடியது. "பேஜாரு புடிச்ச வண்டி சார்," என்று பழியைக் காரின் மேல் போட்டுவிட்டு மறுபடி பிரித்தார். பேப்பர்களைப் புதுப்பித்தது தனிக் கதை. அதை எழுத இந்தப் பக்கம் தாங்காது.

பூமி பூஜைக்கு முந்தின ஞாயிறு கிளம்பினோம். ஸ்டியரிங்கில் மலர். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருக்கும் வண்டி அது. எது கியர், எது இண்டிகேட்டர் என்றே எனக்குத் தெரியாது. பின் சீட்டில் தண்ணீர் கேனோடு ஏழுமலை. பைக்கில் பின்னாலேயே சேகர் – கண்காணிக்கிறாராம்!

விக்கிரவாண்டி தாண்டும் வரை ராஜா மாதிரி போனது. அப்புறம் இரண்டு விக்கல்... ஒரு டீக்கடை எதிரே நின்றேவிட்டது.

ஏழுமலை பானெட்டைத் திறந்து, சூடேறிப்போன பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றினார். மலரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். முனகல்கூட இல்லை. "பேட்டரி வுட்டுடுச்சி. தள்ளித்தான் ஆவணும்."

மலர் சீட்டை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கண் ரோட்டில். "என்னங்க... தள்ளுங்க," என்றாள். அந்தக் குரல்... அதே குரல்.

நானும் ஏழுமலையும் தள்ளினோம். அசையவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஆலோசனை மட்டும் கொடுத்தார்கள். திடீரென்று வண்டி நகர்ந்தது. அட, என் உடம்பில் இவ்வளவு தெம்பா? பக்கத்தில் பார்த்தால்... சேகர்!

"டேய், நீ தள்ளினா நீயே தோத்துடுவியேடா?"

"வாயால தள்ளாதீங்க மாமா, கையால தள்ளுங்க! எங்கப்பா காரு நடுரோட்டுல நிக்குது, வேடிக்கை பாத்துக்கினு இருக்கச் சொல்றீங்களா? அக்கா... செகண்டு கியரு போட்டு வுடு!"

இன்ஜின் இருமியது, செருமியது, பிடித்துக்கொண்டது. மலர் நிறுத்தாமல் மெல்ல உருட்ட, ஓடிப்போய் ஏறினோம். முன் சீட்டில் சேகர். பைக் டீக்கடையிலேயே.

திண்டிவனம் வரை அக்காவும் தம்பியும் வாய் மூடவில்லை. அப்பா யாரை அதிகம் திட்டினார் என்பதில் பெரிய சண்டை வேறு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பார்த்து, "நல்லா இருக்கியா?", "இருக்கேன்" என்று முடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரியாதை கொடுத்துக் கொடுத்தே ஒரு காரைச் சாகடித்துவிடலாம். சொந்தங்களையும்தான். எடுத்து ஓட்டினால் கீறல் விழும், சத்தம் வரும், நடுவழியில் நிற்கும். நிற்கட்டுமே... இறங்கித் தள்ளினால் போகிறது!

வீட்டு வாசலில் கார் நின்றது. மலர் ஜெயித்துவிட்டாள். காபி குடித்து முடித்த சேகர் மெல்ல ஆரம்பித்தான். "அக்கா, பைக்கு அங்கயே நிக்குது... கார எடுத்துக்கினு போயி, ரெண்டு நாள்ல கொண்டாந்து வுட்டுடட்டுமா?"

"கொட்டகையை இடிக்கிறியே, எங்கடா நிறுத்துவ?"

"வூட்டு பிளான்ல போர்டிகோவக் கொஞ்சம் நீட்டிக்கலாம்னு..." என்று இழுத்தான்.

மலர் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சாவியை அவன் கையில் வைத்தாள்.

இப்போது கார் இரண்டு வீட்டுக்கும் பொது. ஓட்டும் உரிமை அக்காவுக்கும் தம்பிக்கும் சரிபாதி. தள்ளும் உரிமை மட்டும்... முழுசாக எனக்கே!