அக்காவுக்கு வரி போட்டாச்சு

வரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அன்றும் அதுதான் சண்டை. கூட வேலை பார்க்கும் கணக்கர், கட்டடத்தை விட்டுவிட்டு மண்ணின் மதிப்புக்குத்தான் வரி போட வேண்டும் என்றார்.

"ரோடு போட்டது ஊரு, பஸ் விட்டது ஊரு. மனை விலை ஏறுனா மட்டும் வேலி போட்டு வச்சிருக்கவனுக்கு லாபமா வே?"

"குடிசைக்காரி இருக்க மண்ணு விலை ஏறுனா, அவ மண்ணை வித்தா வரி கட்டுவா?" என்று கத்தினேன்.

மனதில் இருந்தது என் அக்கா. அம்பாசமுத்திரத்தில் அவள் இருக்கும் வீடு அத்தான் கட்டியது; மனையோ எப்போதோ காலமாகிவிட்ட அவளுடைய மாமனார் பெயரில். அத்தான் இறந்ததும் அவர் தம்பி, "மனை எங்கப்பா பேருல கிடக்கு, மயினி வேற இடம் பாக்கட்டும்" என்றுவிட்டார். நாலு பேர் பேசிய பிறகு ஒருவழியாகப் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் பட்டாவும் வரியும் தன் பெயருக்கு வரும்வரை அக்கா எதையும் நம்பத் தயாராக இல்லை. பின்னால் ஒரு தென்னை வையேன் என்றால், "யாரு பறிக்கவோ?" என்பாள். தொட்டியில் மிளகாய்ச் செடியோடு சரி. கிளம்பச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகலாமே.

பேச்சு சூடாக இருக்கும்போதே அக்காவின் போன் வந்தது.

"ஏலே தம்பி, எனக்கு வரி போட்டுட்டாவடே!" குரல் நடுங்கியது.

எனக்கு ரத்தம் கொதித்தது. "எவன் போட்டான்? ஒத்தப் பைசா கட்டாத. நாளைக்கே வந்து மனு எழுதுதேன்."

"கிறுக்குப் பயலே, என் பேருல போட்டுட்டாவ லே! பட்டாவும் மாறிட்டு, வரியும் மாறிட்டு. இனி என்னை யாரு எந்திரின்னு சொல்லுவா?" சொல்லிவிட்டு அழுதாள்.

அப்பாடா! தலையில் வரி போடுவதற்கும் பெயரில் வரி போடுவதற்கும் எங்கள் பேச்சில் ஒரே வார்த்தைதான் என்பது இத்தனை வயதில் அன்றுதான் எனக்கு உறைத்தது. விஷயத்தைக் கேட்ட கணக்கர், "வரிக்குச் சந்தோசப்படுத ஆளு நீருதான் வே" என்று சிரித்தார். அவருக்கும் சேர்த்து டீ சொன்னேன். மண்ணுக்கு வரி போடும் விஷயத்தில் அவரோடு எனக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை, அது வேறு.

போனை வைக்கும் முன் அக்கா, "வரும்போது ஒரு தென்னங்கன்னு வாங்கிட்டு வா" என்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் பஸ்ஸில் கன்றை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, கன்னுக்கும் லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

வேறு நாளாக இருந்தால் சேரன்மகாதேவி வரைக்கும் சண்டை பிடித்திருப்பேன்.

"போடுங்க" என்றேன்.