தார் ஊற்றிய தாய்வீடு

இன்று எங்கள் தெருவுக்குத் தார் போடுகிறார்கள். இத்தனை வருடமாகியும் அந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அப்போது இலங்கையில், எங்கள் மாத்தளை டவுன் நடுவில் ஒரு சதுக்கம், அதில் ஒரு பெரிய மாரா மரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் நிழல்தான் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குத் தாய்வீடு. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குள் வெளியாள் வரத் தோட்டத்துத் துரை விடமாட்டார் என்பதால், கட்டிக்கொடுத்த மகள்களைத் தாய்மார் அங்கே உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, பேன் பார்த்து, ஒரு வாரத்துக் கதையெல்லாம் கேட்டுக்கேட்டுத் தலை பின்னிவிடுவார்கள். யட்டவத்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு அம்மாவும் அப்படித்தான்.

ஒரு ஞாயிறு போனால் மரத்தைக் காணோம். டவுனை அழகாக்குகிறார்களாம். புதுத்தாரில் கார்கள் நின்றன. அம்மா ஓரமாக அக்காவை உட்காரவைத்துப் பின்னத் தொடங்கினாள். காவல்காரன் வந்தான்.

"எந்திரிங்க, இது கார் நிக்கிற எடம்."

"இந்தச் சடைய முடிச்சிட்டுப் போயிர்றோம்ங்க," என்றாள் அம்மா.

"கார் வருதுல்ல, எந்திரிங்க."

ஒரு சடை பின்னும் நேரம்கூட அந்தக் காருக்குப் பொறுக்கவில்லை. பாதிச் சடையைக் கையில் பிடித்துக்கொண்டே அக்கா பஸ் ஏறினாள். ரிப்பன் அம்மா கையில் இருந்தது.