ரிக் வாங்க வந்த அதிபர்

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரி கட்டும் பட்டறைக்கு, ஒரு சின்னத் தீவு நாட்டின் அதிபர் வண்டி வாங்க வந்திருந்தார். கடற்படை அதிகாரியாக இருந்து, தூதராகி, அதிபரானவர். நிமிர்ந்த முதுகு, கசங்காத வெள்ளைச் சட்டை. எதைக் காட்டினாலும் விரலால் தேய்த்து, தூசு ஒட்டுகிறதா என்று பார்த்தார்.

ஆங்கில ஆசிரியை என்பதால் மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். ரிக் ஓட்டப் போன என் மகன், வேலை விசா முடிந்த பிறகும் வேலை செய்தான் என்று அந்த நாட்டுச் சிறையில்தான் இருக்கிறான்.

“டீச்சரம்மா, தம்பி பேச்சை மட்டும் இப்ப எடுக்காதீங்க சாமி. ஆர்டர் போயிருமுங்க” என்றார் பட்டறைக்காரர்.

நான் எடுத்தேன். மகனின் புகைப்படத்தையும் நீட்டினேன்.

“இவனைத் தெரியும். என் மாளிகைக்குக் கிணறு போட்டவன். தண்ணீர் நல்ல இனிப்பு” என்றார் அதிபர்.

“அவனை அனுப்பி வைத்துவிடுங்கள், ஐயா.”

“அனுப்பிவிட்டால் இந்த வண்டியை அங்கே யார் ஓட்டுவது?”

கோபமில்லாமல், நியாயம் கேட்பதுபோலத்தான் கேட்டார். பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க, என்ன சொல்றாரு? வண்டி புடிச்சிருக்குதாமா?”

“புடிச்சிருக்குதாமுங்க” என்றேன். வண்டி போய்ச் சேர்ந்தால், வேலை இருக்கும்வரை என் மகனுக்குச் சோறு போடுவார்கள் என்று தோன்றிவிட்டது.