முள்ளக்காவின் இடது காது

அலுவலகத்தில் எல்லோரும் அவளை முள்ளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டுக்குள் குத்துகிற முள்ளை எடுப்பவள் என்று கணக்குப் பிரிவில் யாரோ வேடிக்கையாகச் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. காரணம் தெரியாத புதுக் காவலாளி, கோபக்கார அம்மா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெகுநாள் ஒதுங்கியே நடந்தார்.

பழைய பாட்டுகளின் உரிமையை வாங்கித் திரும்ப வெளியிடுகிற நிறுவனம் அது. ஒரு காலத்தில், யார் பாட்டு அதிகச் சத்தமாகக் கேட்கிறது என்று இசைக் கம்பெனிகளுக்குள் பெரிய போட்டி நடந்தது. கடையிலும் பேருந்திலும் தன் பாட்டு அடுத்தவன் பாட்டை அமுக்க வேண்டும் என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். சிடி தாங்குகிற சத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிய அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். கம்ப்யூட்டர் திரையில் விரித்துப் பார்த்தால், சிகரம் சிகரமாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மொட்டைமாடி வரிசை போலத் தட்டையாகத் தெரியும். காதில் அது ஒரு கரகரப்பு. என்ன என்று சொல்லத் தெரியாமலே கேட்பவர்களுக்கு அலுப்புத் தட்டும்.

ஸ்டுடியோவில் பதிவான மூல நாடா கையில் இருந்தால் கவலையில்லை. பெரும்பாலும் இருக்காது. அதனால் கிடைத்த சிடியையே வைத்துக்கொண்டு முள்ளக்கா மல்லுக்கட்டுவாள். முதலில் பாட்டின் சத்தத்தைக் குறைத்து மேலே காலி இடம் உண்டாக்க வேண்டும். பிறகு எந்த மட்டத்தில் வெட்டு விழுந்திருக்கிறது என்று மென்பொருளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அது வெட்டின் இரண்டு பக்கச் சரிவையும் பார்த்து, நடுவில் இருந்த சிகரம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைந்து தரும். மட்டத்தைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டிவிட்டால் நல்ல அலையிலும் கைவைத்து டிரம்மின் அடியைக் குழைத்துவிடும். உயர்த்திவிட்டால் பாதி முள் உள்ளேயே நிற்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக, சில இடங்களில் அடிக்கு அடி, கேட்டுக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

“பட்டன அழுத்தினா முடிஞ்சிடும்ல?” என்று மேலாளர் கேட்பார். ஆரம்பத்தில் விளக்கிச் சொன்னாள். பிற்பாடு தலையை மட்டும் ஆட்டினாள். பாடுபட்டுத் திருத்திக் கொடுத்ததை, போனில் கேட்கிறவர்களுக்கு எடுபடாது என்று அவரே மறுபடி சத்தத்தை ஏற்றி வெளியிடுவதும் உண்டு. முதல் தடவை சண்டை போட்டாள். அடுத்த தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள்.

வீட்டில் வேறு கதை. கணவர் பல வருஷம் அச்சகத்தில் பெரிய இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். காது மந்தம். நாளெல்லாம் சத்தத்தைக் குறைத்துவிட்டு வருகிறவளுக்கு மாடிப்படி ஏறும்போதே தொலைக்காட்சிச் செய்தி எதிர்கொண்டு வரும். காது டாக்டரிடம் போவோம் என்றால், “எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது. நீதான் வாய்க்குள்ளயே பேசற” என்பார்.

இந்த நிலையில்தான் அக்கா தங்கை இருவர் சேர்ந்து பாடிய ஒரு சிடி அவளிடம் வந்தது. அவர்கள் பாடி வெளியானது அது ஒன்றுதான். அக்கா இறந்துவிட்டாள். தங்கை தையல் கடை வைத்திருந்தாள். உரிமை விஷயமாக மேலாளரைப் பார்க்க வந்தவள், திருத்துகிறவர் யார் என்று விசாரித்துக்கொண்டு நேரே முள்ளக்காவின் அறைக்கு வந்துவிட்டாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி, “ரெண்டு பாட்டுக்கு மேல கேக்க முடியலக்கா, தலை வலிக்குது” என்றாள். “அவ குரல் கீழ போகும். அவளக் கேக்கணும்னுதான் போடறேன். டிரம்தான் கேக்குது.”

முள்ளக்கா எதற்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வேலை நன்றாகத்தான் போனது. எல்லாப் பாட்டும் ஒரு சுற்று முடிந்து, சரிபார்ப்பதற்காக முதலிலிருந்து கேட்டபோது, ஒரு மெல்லிய விசில் சத்தம் காதில் பட்டது. இழைபோல, உயரத்தில், விடாமல். ஒரு பாட்டில்தான் என்று நினைத்தாள். எல்லாப் பாட்டிலும் இருந்தது. மென்பொருள் தவறாக ஊகித்து அதை உண்டாக்கிவிட்டது என்று முடிவுகட்டி, செய்ததையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். விசில் போகவில்லை. உயர்ந்த சுருதியில் கேட்கும் ஒலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிப் பார்த்தாள். பாட்டு மங்கியது, விசில் மங்கவில்லை. ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துக் காட்டும் படத்தை விரித்துத் தேடினாள். அதில் அப்படி ஒரு கோடே இல்லை. படம் பொய் சொல்கிறது என்று நினைத்தாள்.

பக்கத்து அறையில் விளம்பரக் குரல்களைச் சீர்செய்கிற ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, “விசிலா? ஒண்ணும் இல்லையே” என்றார். இவருக்கு வயதாகிவிட்டது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் அவளைவிட இளையவர்.

ஒரு நாள் மத்தியானம் மின்சாரம் போனது. திரை அணைந்தது. ஏசி நின்றது. நடைவழியில் யாரோ சலித்துக்கொண்டார்கள். பிறகு அதுவும் அடங்கியது. முள்ளக்கா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். விசில் கேட்டுக்கொண்டே இருந்தது.

இடது காதைக் கையால் பொத்தினாள். சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மின்சாரம் திரும்பி வந்து, மற்ற அறைகளில் வேலை தொடங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை. பயத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. இத்தனை நாள் இல்லாத ஒன்றைப் பிடிக்கத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறோம் என்ற அசதி.

வீட்டில் சொல்லாமல் சில நாள் தள்ளிப்போட்டாள். சொல்வதென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும்; ரகசியம் பேசுவதற்கு உகந்த வீடு இல்லை அது. கடைசியில் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நின்று, காதில் சத்தம் கேட்கிறது என்றாள். அவர், சத்தமா, எங்கே என்றார். என் காதில் என்று அவள் உரக்கச் சொன்னதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர் தொலைக்காட்சியை அணைத்தார். “எத்தன நாளா?”

“தெரியல. பாட்டுல இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

மறுநாளே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் அவளிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் முந்திக்கொண்டு பதில் சொன்னார், ஆனால் கேட்காத கேள்விகளுக்கு. தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டால், சாப்பாடு நல்லாத்தான் இறங்குது என்றார். டாக்டர் சிரிக்காமல், அடுத்தது ஐயாவுக்கும் பார்த்துவிடுவோம் என்றார். மனைவிக்காக வந்த இடத்தில் மறுக்க முடியாமல் அவர் காதைச் சோதிக்கிற கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

அவளுக்கு இரைச்சலைப் போக்க மருந்து இல்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று தெரிந்தது. உயர்ந்த ஒலிகள் இடது காதில் குறைந்திருந்தன. ஹெட்போனைப் பாதி நாளுக்கு மேல் போடக் கூடாது. அவருக்குக் காதுக் கருவி. முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். முதல் வாரம் முழுக்க, தட்டு வைக்கிற சத்தம் இடி மாதிரி இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாள் சமையலறை வாசலில் வந்து நின்று, “நீ தனியாப் பேசிக்கிறியா?” என்று கேட்டார்.

“உங்ககிட்டதான் பேசறேன்.”

“எப்பலேர்ந்து?”

“எப்பவுமே பேசிட்டுத்தான் இருக்கேன்.”

அவர் அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அலுவலகத்தில் முள்ளக்கா பக்கத்து அறைக்காரரிடம் போய், விசில் எங்கே இருந்தது என்பதைச் சொன்னாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். அவர் பெரிதுபடுத்தவில்லை. உயர்ந்த ஒலிகளைத் தான் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இருவருமாக உட்கார்ந்து கேட்டபோது, அவள் ஓரமாக எடுத்து வைத்திருந்த முதல் திருத்தமே நன்றாக இருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு செதுக்கியதெல்லாம் பாழ். பாழானதை அவள் அழித்தாள். வருத்தப்படக்கூடத் தெம்பில்லை.

தங்கைக்காரி கேட்க வந்தாள். முள்ளக்கா ஒலிபெருக்கியில் சத்தம் குறைவாகவே வைத்தாள். முதல் பாட்டு முடியும்வரை தங்கை ஒலிபெருக்கிப் பக்கம் சாய்ந்து கேட்டாள். பிறகு, “இது அவதானா, இல்ல மெஷின் பண்ணதா?” என்று கேட்டாள்.

“வெட்டுப்படாத இடமெல்லாம் அவங்கதான். வெட்டுப்பட்ட இடத்துல, இப்படி இருந்திருக்கும்னு ஒரு ஊகம். அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.”

அவள் தலையை ஆட்டினாள். இரண்டாவது பாட்டில், ஒரு வரியின் முடிவில் அக்காவின் குரல் லேசாக நடுங்கி நின்றது. அந்த நடுக்கத்தை முள்ளக்காவும் கவனித்திருந்தாள். மென்பொருளின் கோளாறு என்றே நினைத்திருந்தாள். சரிசெய்ய வேண்டும் என்று குறித்து வைத்து, அன்றைய அலுப்பில் அப்படியே விட்டிருந்தாள். தங்கை சட்டென்று கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

“இங்க நான் அவ காலை மிதிச்சேன்” என்றாள். “மைக் பக்கம் நகர்ந்தப்போ. சிரிப்ப அடக்கிட்டுப் பாடினா.”

இன்னொரு முறை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு முறை. அழவில்லை. தைக்கும்போது துணியை விரலால் நீவுவது போல, மேசை விளிம்பை நீவிக்கொண்டே இருந்தாள்.

சத்தத்தை ஏற்றாமல் இப்படியே வெளியிட்டால்தான் கையெழுத்து என்று மேலாளரிடம் அவள் சொன்னது வெளியே நடைவழிவரை கேட்டது. அவர் வாதாடிப் பார்த்துவிட்டு, இரண்டு விதமாகவும் வெளியிடுவதாக ஒத்துக்கொண்டார். சத்தமாக இருந்ததைத்தான் நிறையப் பேர் கேட்டார்கள். மற்றதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்.

முள்ளக்காவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதற்குள் அடுத்த சிடி மேசைக்கு வந்துவிட்டது. ஏதோ ஒரு குழு, கிட்டார்களும் டிரம்முமாக, முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஒரே தட்டை. அவள் திரையைச் சற்று நேரம் பார்த்தாள். இதை மத்தியானத்துக்கு முன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்தாள்.