சுடலை அண்ணாச்சி ஏறினால் ஒன்பது மணி

இன்று காலை ஏரலுக்கு மேற்கே ஆற்றுத் துறையில் தோணி ஏறி உட்கார்ந்தேன். அக்கரைப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் துரை சோதனைக்கு வந்து காத்திருப்பார். வாத்தியார் நான் இங்கே.

"ஒம்பது ஆயிட்டு, எடும்வே" என்று ரயிலடியில் சரிபார்த்த கடிகாரத்தை நீட்டினேன்.

தோணிக்காரர் ஆற்றுக்குள் இருந்த பாறையைக் காட்டினார். "சுடலை அண்ணாச்சி இன்னும் குளிச்சு ஏறலியே, வாத்தியாரய்யா. அவிய ஏறுனாத்தான் எங்களுக்கு ஒம்பது."

பாறையில் யாருமில்லை.

"எங்கவே அவரு?"

"போன வருசத்து வெள்ளத்துல போயிட்டாவ."

தோணியில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பாறையையே பார்த்தார்கள். காய்ந்த கல்லில் ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாக மேலேறின.

"ஏறிட்டாவ" என்று அவர் கழியை ஊன்றினார்.

என் கடிகாரம்தான் இரண்டு நிமிடம் முந்தியிருக்கிறது. திருத்திக்கொண்டேன்.

உங்கள் ஊரில் மணி சொல்கிறவர் உயிரோடுதான் இருக்கிறாரா?